சிங்கப்பூருக்குப் புதுசா வந்தவங்களுக்கு: லேப்டாப்ல வைஃபை போடுறதும், வரலைன்னா எங்க பார்க்கணும்ங்கிறதும்

புதுசா இங்க வந்து ரூம் எடுத்து தங்குறவங்க, அரசாங்கம் புதுசா கட்டிக் கொடுக்கிற பிடிஓ வீட்டுக்கு இப்பதான் முதல்ல சாவி வாங்கினவங்க, ஸ்கூல்ல பிள்ளைக்கு லேப்டாப் வந்துடுச்சு ஆனா வீட்டுல நெட் ஒழுங்கா வரலையேன்னு தவிக்கிற அம்மா அப்பாங்க, இவங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். கம்ப்யூட்டர் படிச்சிருக்கணும்னு இல்ல, செட்டிங்ஸ் திறக்கத் தெரிஞ்சா போதும்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு விஷயம். நெட் வரலைன்னதும் ஆளாளுக்கு செய்யுறது, ரூட்டர் பின்னாடி இருக்கிற சின்ன ஓட்டைக்குள்ள ஊசியை விட்டு ரீசெட் பண்ணிடுறது, இல்லைன்னா லேப்டாப்பை ஃபார்மேட் பண்ணக் கொடுத்துடுறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற கதை இது. உங்க லேப்டாப்புக்கு நெட் வர்ற வழி மூணு துண்டா இருக்கு: லேப்டாப்ல இருந்து ரூட்டர் வரைக்கும் காத்துல போறது ஒண்ணு, ரூட்டர்ல இருந்து சுவத்துப் பக்கம் இருக்கிற ஃபைபர் பொட்டி வரைக்கும் கேபிள்ல போறது ஒண்ணு, அந்தப் பொட்டியில இருந்து வெளிய கம்பெனி வரைக்கும் போறது ஒண்ணு. எந்தத் துண்டு அறுந்திருக்குன்னு தெரியாம எதுலயும் கை வைக்காதீங்க. இங்க நான் பார்த்த வரைக்கும் ஃபைபர் லேசுல சாகுறதில்ல, பிரச்சனை பெரும்பாலும் முதல் துண்டுல, அதாவது வீட்டுக்குள்ளயேதான் இருக்கு, ஆனா ஜனங்க காசு செலவு பண்றது மூணாவது துண்டுல, இன்னும் பெரிய பிளான், இன்னும் வேகமான பிளான்னு.

வீட்டுல என்ன என்ன இருக்குன்னு முதல்ல பாருங்க

சுவத்துல ஒரு சின்ன வெள்ளைப் பொட்டி இருக்கும், நெட்லிங்க் டிரஸ்ட் போட்டது, டெர்மினேஷன் பாயின்ட்னு சொல்வாங்க, சுருக்கமா டிபி. நீங்க சிங்டெல் எடுத்தாலும் ஸ்டார்ஹப் எடுத்தாலும் எம்1, மைரிபப்ளிக், வியூக்வெஸ்ட் எது எடுத்தாலும் வீட்டுக்குள்ள வர்ற ஃபைபர் அதேதான், மேல சர்வீஸ் கொடுக்கிறவங்கதான் வேற வேற. அதுல இருந்து மெல்லிசா ஒரு கேபிள் கிளம்பி ஓஎன்டின்னு ஒரு பொட்டிக்குப் போகும், நான் மேல சொன்ன ஃபைபர் பொட்டி இதுதான், ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தை நெட்டா மாத்திக் கொடுக்கும், ஓஎன்டில இருந்து சாதா லேன் கேபிள் ரூட்டருக்குப் போகும். சில கம்பெனிகள் ஓஎன்டியையும் ரூட்டரையும் ஒரே பொட்டியா கொடுக்கிறாங்க, அப்போ நடுத் துண்டு உங்களுக்குக் கிடையாது.

அந்த மெல்லிசு கேபிள் மேல மட்டும் கவனமா இருங்க. உள்ள கண்ணாடி இழை, சோபா கால் மேல ஏறினாலோ கதவு இடுக்குல நசுங்கினாலோ இறுக்கமா மடிச்சு கட்டினாலோ வெளிச்சம் போகாது, வேலை முடிஞ்சுது. கழட்டி முனையில கண்ணை வச்சுப் பார்க்கவே கூடாது, உள்ள வர்றது லேசர். டிபில ரெண்டு போர்ட் இருந்தா எதுல ஆக்டிவேட் பண்ணினாங்களோ அதுலயேதான் இருக்கணும், கூட்டிப் பெருக்கும்போது கழண்டுச்சுன்னு பக்கத்து ஓட்டையில மாட்டிட்டா லைன் வராது. ஓஎன்டி பின்னாடி இருக்கிற லேன் போர்ட்டுகளுக்கும் பல கம்பெனில இதே கதைதான். அதனால இன்ஸ்டால் பண்ண ஆள் வந்துட்டுப் போன அன்னைக்கே எந்த கேபிள் எதுல இருக்குன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ஊர்ல இருந்து ரூட்டர் தூக்கிட்டு வர்ற யோசனை இருந்தா விட்டுடுங்க. இங்க விக்கிற ரூட்டருக்கெல்லாம் 2021 ஏப்ரல்ல இருந்து சைபர் செக்யூரிட்டி லேபிள் கட்டாயம், ஒவ்வொரு ரூட்டருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு இருக்கணும்ங்கிற மாதிரி அடிப்படை பாதுகாப்பு அதுல அடங்கும். பழைய ரூட்டர் பலதுல யூசர் பேரும் பாஸ்வேர்டும் அட்மின் அட்மின்தான்.

முதல் தடவை கனெக்ட் பண்றது

ரூட்டரைத் திருப்பிப் பார்த்தா அடியிலயோ பின்னாடியோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல ரெண்டு ஜோடி விவரம் இருக்கும், ஒண்ணு வைஃபை பேரும் பாஸ்வேர்டும், இன்னொண்ணு ரூட்டருக்குள்ள போய் செட்டிங் மாத்துறதுக்கான யூசர் பேரும் பாஸ்வேர்டும். புதுசா பார்க்கிறவங்க குழம்புறது இங்கதான், ரெண்டாவதைக் கொண்டு போய் லேப்டாப்ல போட்டுட்டு பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுதேன்னு உக்காந்திருப்பாங்க. அந்த ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கோங்க, சைபருக்கும் ஓ எழுத்துக்கும், ஒண்ணுக்கும் சின்ன எல் எழுத்துக்கும் வித்தியாசம் பார்க்க ஜூம் பண்ணிக்கலாம்.

விண்டோஸ்ல வலது பக்கம் கீழ கடிகாரத்துக்குப் பக்கத்துல இருக்கிற நெட்வொர்க் ஐகானைத் தட்டுங்க, வைஃபைங்கிற பட்டன் ஆன்ல இருக்கணும், பக்கத்துல அம்புக்குறி இருக்கும் அதைத் தட்டினா சுத்துவட்டாரத்துல இருக்கிற பேரெல்லாம் வரிசையா வரும். வீவக வீடுன்னா, அதாவது எச்டிபி அடுக்குமாடின்னா, மேல் வீடு கீழ் வீடு எதிர் புளோக் எல்லாம் சேர்ந்து பெரிய லிஸ்டே வரும், பயந்துடாதீங்க, உங்க பேரைத் தேடித் தட்டி, ஆட்டோமேட்டிக்கா கனெக்ட் ஆகுறதுக்கு டிக் போட்டு, பாஸ்வேர்டைக் கொடுங்க. மேக்ல மேல வலது மூலையில விசிறி மாதிரி இருக்கிற ஐகான், மத்ததெல்லாம் அதேதான்.

கனெக்ட் ஆனதும் பப்ளிக்கா பிரைவேட்டான்னு விண்டோஸ்ல ஒரு செட்டிங் இருக்கும். உங்க சொந்த வீடுன்னா பிரைவேட் வச்சுக்கலாம், ரூம் ஷேர் பண்றீங்கன்னா பப்ளிக்லயே விடுங்க, நெட் வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது, அடுத்த ரூம் ஆள் கம்ப்யூட்டர் உங்க கம்ப்யூட்டரைப் பார்க்காம இருக்கும், அவ்வளவுதான்.

ஒரே ரூட்டர்ல ரெண்டு பேர் தெரியுதா, ஒண்ணு கடைசியில 5ஜின்னு இருக்கா? அது போன் 5ஜி இல்ல, 5 கிகாஹெர்ட்ஸ். இன்னொண்ணு 2.4 கிகாஹெர்ட்ஸ். 2.4 சுவரைத் தாண்டி தூரம் போகும் ஆனா மெதுவா இருக்கும், 5 வேகமா இருக்கும் ஆனா சுவர் ரெண்டு தாண்டினா துவண்டுடும். இந்த ஊர்ல இன்னொரு காரணமும் இருக்கு, 2.4ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11ன்னு மூணே மூணுதான், ஒரு மாடியில இத்தனை வீடு, மேலயும் கீழயும் அத்தனை வீடு, எல்லாரும் அந்த மூணுக்குள்ளதான் அடிச்சுக்கிறாங்க. அதனால லேப்டாப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டுற இடத்துல இருந்தா கண்ணை மூடிட்டு அதையே எடுங்க. 2.4ஐ பிரிண்டர், சிசிடிவி, ஸ்மார்ட் பல்பு இதுங்களுக்கு விட்டுடுங்க. 6 கிகாஹெர்ட்ஸும் 2023ல இருந்து இங்க திறந்து விட்டிருக்காங்க, வைஃபை 6இ அல்லது 7 இருக்கிற லேப்டாப்பும் ரூட்டரும் ரெண்டுமே இருந்தாதான் அது தெரியும், அதுவும் ஒரே அறைக்குள்ள இருந்தா அருமையா இருக்கும்.

ரூட்டர் எங்க உக்காந்திருக்கு

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எல்லார்கிட்டயும் சொல்றது. 1990கள் கடைசியில இருந்து கட்டின வீவக வீடுகள்ல பாம் ஷெல்டர்னு ஒரு சின்ன அறை இருக்கும், ஸ்டோர் ரூமா எல்லாரும் பயன்படுத்துறது. சுவர் கனமான கான்கிரீட், உள்ள இரும்புக் கம்பி, கதவு எஃகு. குண்டு விழுந்தா ஆளைக் காப்பாத்தறதுக்குக் கட்டின அறை. வயர் எல்லாம் வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்குன்னு அதுக்குள்ள ரூட்டரைக் கொண்டு போய் அரிசி மூட்டைக்கும் லக்கேஜுக்கும் நடுவுல வச்சு கதவைச் சாத்திடுறாங்க. அதுக்குள்ள இருந்து சிக்னல் வெளிய வரும்னு எப்படி எதிர்பார்க்கிறது. யீஷூன்ல தெரிஞ்ச ஒரு அக்கா வீட்டுல இதேதான், மாஸ்டர் பெட்ரூம்ல பையனுக்கு ஆன்லைன் கிளாஸ் ஓடவே மாட்டேங்குதுன்னு பிளானை மாத்தப் போனாங்க, போன்ல வைஃபை அனலைசர் ஆப் ஒண்ணை இறக்கி அந்த ரூம்ல நின்னு பார்த்தா மைனஸ் 80க்கும் கீழ காட்டுது, ரூட்டரை வெளிய எடுத்து டிவி அலமாரி மேல வச்சதும் மைனஸ் 60 பக்கம் வந்துடுச்சு. பழைய பிளான்லயே இன்னும் இருக்காங்க.

அந்த எண் டிபிஎம்னு ஒரு அளவு, மைனஸ்ல இருக்கும், சைபருக்குக் கிட்ட வர வர நல்லது. மைனஸ் 50 பிரமாதம், 60 நல்லா ஓடும், மைனஸ் 67 வரைக்கும் ஜூம், வாட்ஸ்அப் வீடியோ எல்லாம் தாங்கும், 75க்குக் கீழ போனா விட்டு விட்டு வரும், 80ன்னா பேரு மட்டும் தெரியும் வேலை நடக்காது. ஆண்ட்ராய்டு போன்ல ஆப் போட்டுப் பார்க்கலாம், மேக்ல ஆப்ஷன் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு வைஃபை ஐகானைத் தட்டினா ஆர்எஸ்எஸ்ஐன்னு அதே எண்ணைக் காட்டும். நீங்க உக்காந்து வேலை பார்க்கிற மேசை, கட்டில், பிள்ளை படிக்கிற இடம், இங்கெல்லாம் நின்னு பார்த்து எழுதி வச்சுட்டு, ரூட்டரை நகர்த்தி வச்சு மறுபடியும் பாருங்க.

நகர்த்தும்போது கவனிக்க வேண்டியது: தரையில வைக்காம இடுப்பு உயரத்துக்கு மேல வைங்க. டிவிக்குப் பின்னாடி வேண்டாம், டிவி ஒரு பெரிய உலோகத் தகடு. மீன் தொட்டி பக்கம் வேண்டவே வேண்டாம், தண்ணி சிக்னலைக் குடிச்சிடும். ஆளுயரக் கண்ணாடி வச்ச அலமாரி, ஃபிரிட்ஜ், இரும்பு பீரோ இதெல்லாம் மறைக்கும். சாமி மேடைக்குக் கீழ இருக்கிற அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டுறவங்களும் இருக்காங்க, மரக் கதவு பரவாயில்ல, ஆனா உள்ள சூடு ஏறும், ரூட்டர் சூடானா அடிக்கடி தானா ஆஃப் ஆகி ஆன் ஆகும்.

டிபி ஷெல்டர் பக்கத்துலயே இருக்கு, வேற வழியில்லைன்னா, ஓஎன்டி அங்கேயே இருக்கட்டும், நீளமான லேன் கேபிள் ஒண்ணு வாங்கி ரூட்டரை மட்டும் ஹால் நடுவுக்குக் கொண்டு வாங்க. ஷெல்டர் சுவத்துல நம்ம இஷ்டத்துக்கு ஓட்டை போட்டு கேபிள் இழுக்க முடியாது, அதுக்கு விதிமுறை இருக்கு. புதுசா கட்டின பிடிஓ வீடுகள்ல ஹால்லயும் ரூம்லயும் சுவத்துல லேன் பாயின்ட் போட்டே கொடுத்திருப்பாங்க, அதை யாரும் கண்டுக்கிறதே இல்ல, கட்டிலுக்குப் பின்னாடி மறைஞ்சு கிடக்கும். மெஷ், அதாவது வீடு முழுக்க சிக்னல் பரப்ப ரெண்டு மூணு பொட்டியா வர்ற ரூட்டர், வாங்குறதா இருந்தா ரெண்டாவது பொட்டியை அந்த பாயின்ட்ல கேபிளா மாட்டுங்க, காத்துலயே ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற மெஷ்ஷை விட எவ்வளவோ உறுதியா இருக்கும்.

வாடகை ரூம்ல இருக்கிறவங்களுக்கு

ரூட்டர் வீட்டுக்காரரோடது, நாமளா கை வைக்கக் கூடாது. ஆனா கேட்கலாம். "அக்கா, ரூம்ல சிக்னல் ரொம்பக் கம்மியா வருதுக்கா, ரூட்டரைக் கொஞ்சம் வெளிய இந்த அலமாரி மேல வைக்கலாமா, கேபிள் நானே வாங்கிட்டு வரேன், வயர் தெரியாம ஓரமா ஒட்டிக் கொடுத்துடுறேன்"னு கேட்டா முடியாதுன்னு சொல்ற வீட்டுக்காரங்க குறைவு. போன்ல அந்த மைனஸ் கணக்கைக் காட்டிக் கேட்டா இன்னும் சுலபம், ஏன்னா அவங்க வீட்டு டிவியும் அதே வைஃபைலதான் ஓடுது.

முன்னாடி இருந்த ஆளோட பாஸ்வேர்டை அப்படியே கொடுத்திருப்பாங்க, அவர் நண்பர்கள் பாதிப் பேருக்கு அது தெரிஞ்சிருக்கும், மாத்திடலாமான்னு கேட்டுப் பாருங்க, எல்லாருக்கும் நல்லது. வைஃபை பேர்ல புளோக் நம்பர், யூனிட் நம்பர் வைக்காதீங்க. செக்யூரிட்டி டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3ல இருக்கணும், வெப்னு (WEP) பழைய வகை இருந்தா அது உடைஞ்ச பூட்டு.

அப்புறம், பக்கத்து வீட்டுல பாஸ்வேர்டு இல்லாம ஒரு வைஃபை திறந்து கிடக்குன்னு அதுல ஏறாதீங்க. ஊர்ல இதை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, இங்க அனுமதி இல்லாம அடுத்தவங்க நெட்டைப் பயன்படுத்துறது சட்டப்படி குற்றம், ஒரு இளைஞர் மேல இதுக்காகக் கேஸ் போட்டு கோர்ட் வரைக்கும் போய் 2007லேயே நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனை கிடைச்சிருக்கு. வொர்க் பாஸ்ல இருக்கிறவங்க இந்த வம்பே வச்சுக்க வேண்டாம்.

வரலை. இப்போ என்ன?

முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: அதே வைஃபைல உங்க போன்ல வருதா? பார்க்கும்போது மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க, இல்லைன்னா போன் பாட்டுக்கு சிம்ல இருந்து எடுத்துக்கிட்டு வைஃபை நல்லாத்தான் இருக்குன்னு உங்களை நம்ப வச்சிடும். போன்லயும் வரலைன்னா லேப்டாப் மேல பழி போடாதீங்க, ரூட்டர் பக்கம் போங்க. போன்ல வருது லேப்டாப்ல மட்டும் வரலைன்னா ரூட்டரைத் தொடாதீங்க.

போன்லயும் வரலை. ஓஎன்டி முன்னாடி போய் நில்லுங்க. சின்னச் சின்ன லைட்டு வரிசையா இருக்கும், பவர், பான் (PON), லாஸ் (LOS), லேன்னு பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கும். பவர் எரியணும், பான் சிமிட்டாம நிலையா எரியணும், லாஸ் அணைஞ்சே இருக்கணும். லாஸ் சிவப்பா எரியுது அல்லது சிமிட்டுதுன்னா வெளிச்சம் வீட்டுக்கு வரலைன்னு அர்த்தம். ஃபைபர் கேபிள் எங்கயாவது மடங்கியிருக்கா, முனை முழுசா உள்ள போய் கிளிக் ஆகியிருக்கான்னு மட்டும் பாருங்க, அதுக்கப்புறமும் சிவப்புன்னா நீங்க செய்யறதுக்கு எதுவும் இல்ல, போன் பண்ணிடுங்க. ஒண்ணா இருக்கிற பொட்டின்னா லைட் பேரும் நிறமும் கொஞ்சம் மாறும், ஆனா சிவப்பு எல்லா மாடல்லயும் கெட்ட செய்திதான்.

லைட்டெல்லாம் சரியா இருக்கு ஆனாலும் வரலைன்னா ரெண்டையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, ஆனா வரிசை முக்கியம். ரெண்டுக்கும் சுவிட்சை அணைச்சுட்டு ஒரு நிமிஷம் விடுங்க, ஓஎன்டியை மட்டும் போட்டு பான் லைட் நிலைக்கிற வரைக்கும் காத்திருங்க, அதுக்கப்புறம்தான் ரூட்டர். ரெண்டையும் ஒண்ணா போட்டா சில ரூட்டர் சீக்கிரமா எழுந்து லைன் இல்லையேன்னு கைவிட்டுடும். ரூட்டர் வந்ததும் உடனே 5 கிகாஹெர்ட்ஸ் பேர் தெரியலைன்னா பதறாதீங்க, சில சேனல்கள் ரேடாருக்கும் பொதுவானது, ரேடார் ஓடுதான்னு ரூட்டர் குறைஞ்சது ஒரு நிமிஷம் கேட்டுப் பார்த்துட்டுதான் சிக்னல் விடும்.

லேப்டாப்ல மட்டும் வரலை. இதுல ரெண்டு வகை, பேரே தெரியலையா, இல்ல கனெக்ட் ஆகியும் நெட் இல்லையா.

கனெக்ட் ஆகியும் நெட் இல்லைன்னா கீழ ஐகான் பூகோள உருண்டை மாதிரி மாறியிருக்கும். ஸ்டார்ட்ல கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக்னு (ipconfig), ஐபியும் கான்ஃபிக்கும் நடுவுல இடம் விடாம, டைப் பண்ணி என்டர் தட்டுங்க. வைஃபைன்னு போட்ட பகுதியில ஐபிவி4 அட்ரஸ்னு ஒரு வரி இருக்கும். அது 192.168ல ஆரம்பிச்சா, சில ரூட்டர்ல 10ல ஆரம்பிக்கும், ரூட்டர் உங்களுக்கு முகவரி கொடுத்திருக்கு, நல்லது. 169.254ல ஆரம்பிச்சா ரூட்டர் பதிலே சொல்லலை, லேப்டாப் தானா ஒரு நம்பரைப் போட்டுக்கிச்சு. அப்படின்னா அந்த வைஃபை பேரை ஃபர்கெட் கொடுத்து அழிச்சுட்டு பாஸ்வேர்டு போட்டு மறுபடி கனெக்ட் பண்ணுங்க, முக்கால்வாசி இதுலயே சரியாகும். யாராவது ஆபீஸ்லயோ ஹாஸ்டல்லயோ ஐபியை மேனுவலா போட்டு வச்சிருக்காங்களான்னும் பாருங்க, வைஃபை ப்ராப்பர்ட்டீஸ்ல ஐபி அசைன்மென்ட் ஆட்டோமேட்டிக் டிஹெச்சிபின்னு இருக்கணும். ஊர்ல ஆபீஸ்ல கொடுத்த லேப்டாப்பை அப்படியே கொண்டு வர்றவங்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

முகவரி சரியா இருக்குன்னா அதே இடத்துல டிஃபால்ட் கேட்வேன்னு இருக்கிற நம்பரைப் பார்த்து, பிங்னு (ping) போட்டு இடம் விட்டு அந்த நம்பரைப் போடுங்க. பதில் வந்தா முதல் துண்டு நல்லா இருக்கு. அடுத்து பிங் 8.8.8.8, அது வெளிய இருக்கிற கூகுள் சர்வர். அதுவும் வந்தா மூணு துண்டும் நல்லா இருக்கு, ஆனாலும் பிரவுசர்ல எந்தப் பக்கமும் திறக்கலைன்னா டிஎன்எஸ் பிரச்சனை, பேரை நம்பரா மாத்திக் கொடுக்கிற வேலை நடக்கலை. வைஃபை ப்ராப்பர்ட்டீஸ்ல டிஎன்எஸ்ஸை மேனுவலா மாத்தி 1.1.1.1, அடுத்ததுக்கு 8.8.8.8 கொடுத்துப் பாருங்க. ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள போறதுக்குப் போடுற விபிஎன் பாதியில நின்னு தொங்கிக்கிட்டு இருந்தாலும் இதே அறிகுறிதான், அதை முழுசா மூடிட்டுப் பாருங்க. எல்லாப் பக்கமும் சர்டிஃபிகேட் தப்புன்னு எச்சரிக்கை காட்டுதா, லேப்டாப்ல தேதியும் நேரமும் பாருங்க. ரொம்ப நாள் பேட்டரி செத்துக் கிடந்த லேப்டாப் வருஷத்தையே மாத்தி வச்சிருக்கும்.

பேரே தெரியலைன்னா, முதல்ல ஏரோப்ளேன் மோடு. கீபோர்டு மேல் வரிசையில விமானம் அல்லது ஆன்டெனா படம் போட்ட பட்டன் இருக்கும், குழந்தை தட்டியிருந்தாலும் போதும். அது ஆஃப்லதான் இருக்குன்னா லேப்டாப்பை ரீஸ்டார்ட் இல்லாம முழுசா ஷட்டவுன் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சு விட்டு மறுபடி போடுங்க, ஸ்லீப்ல போட்டு எழுப்பினதும் வைஃபை கார்டு காணாமப் போறது பல லேப்டாப்ல உண்டு, பெரும்பாலும் இப்படியே திரும்ப வந்துடும். அப்பவும் இல்லைன்னா ஸ்டார்ட்டை ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜர், அதுல நெட்வொர்க் அடாப்டர்ஸ். அங்க வைஃபைன்னோ வயர்லெஸ்னோ இருக்கிறது மேல மஞ்சள் முக்கோணம் இருந்தா டிரைவர், அதாவது வைஃபை கார்டை இயக்குற சாஃப்ட்வேர், அதுல பிரச்சனை. அதை ரைட் கிளிக் பண்ணி அன்இன்ஸ்டால், ஆனா டிரைவரையும் சேர்த்து அழிக்கவான்னு கேட்கிற கட்டத்துல டிக் போடாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணினா விண்டோஸே திரும்பப் போட்டுக்கும்.

நெட் இருந்தாதானே புது டிரைவர் இறக்க முடியும், நெட்டே இல்லையேன்னு இங்க மாட்டிக்குவாங்க. போனை சார்ஜ் பண்ற கேபிளால லேப்டாப்ல மாட்டி, ஆண்ட்ராய்டு போன்னா செட்டிங்ஸ்ல ஹாட்ஸ்பாட் பக்கத்துல யுஎஸ்பி டெதரிங்னு இருக்கும், ஆன் பண்ணுங்க. வைஃபை கார்டே இல்லாம லேப்டாப்புக்கு நெட் வந்துடும், அதை வச்சு லேப்டாப் தயாரிச்ச கம்பெனி பக்கத்துக்கே போய் உங்க மாடலுக்கான வைஃபை டிரைவரை இறக்குங்க. டிரைவர் அப்டேட் பண்ணித் தரேன்னு விளம்பரத்துல வர்ற சாஃப்ட்வேர் எதையும் தொடாதீங்க.

மத்த பேரெல்லாம் தெரியுது உங்க வீட்டுப் பேர் மட்டும் தெரியலைன்னா அது வேற. இங்க 2.4ல சேனல் 12, 13 எல்லாம் பயன்படுத்தலாம், அமெரிக்காவுல வாங்கின சில லேப்டாப்புக்கு 11க்கு மேல கண்ணே தெரியாது. ரூட்டருக்குள்ள போய் சேனலை 1, 6, 11ல ஒண்ணா மாத்தினா தெரியும். பழைய லேப்டாப்னா டபிள்யூபிஏ3 மட்டும்னு ரூட்டர்ல வச்சிருந்தா கனெக்ட் ஆகாது, 2ம் 3ம் கலந்த மோடுக்கு மாத்துங்க.

நெட்வொர்க் ரீசெட்னு விண்டோஸ்ல ஒரு பட்டன் இருக்கு, அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ்ல கடைசியில. எதுவும் வேலைக்கு ஆகலைன்னா மட்டும் அதைத் தட்டுங்க, சேமிச்ச பாஸ்வேர்டு, விபிஎன் எல்லாம் போயிடும், ஆபீஸ் லேப்டாப்னா ஐடி ஆள்கிட்ட கேட்காம தட்டாதீங்க.

வருது, ஆனா மெதுவா வருது

இதுல பணத்தை விடாதீங்க. 2024ல இருந்து 10 ஜிபிபிஎஸ் பிளான்னு எல்லா எம்ஆர்டி ஸ்டேஷன்லயும் ரோட்ஷோ போட்டு விக்கிறாங்க, பொட்டி வரைக்கும் 10 வரும்தான், ஆனா உங்க லேப்டாப்ல இருக்கிற வைஃபை எவ்வளவு தாங்கும்னு பாருங்க. வைஃபை ப்ராப்பர்ட்டீஸ்ல லிங்க் ஸ்பீட்னு ஒரு வரி இருக்கும். வைஃபை 5 இருக்கிற சாதாரண லேப்டாப்ல ரூட்டர் பக்கத்துல உக்காந்தாலும் 866 எம்பிபிஎஸ்னுதான் காட்டும் (ஆயிரம் எம்பிபிஎஸ் சேர்ந்தா ஒரு ஜிபிபிஎஸ்), உண்மையில கைக்கு வர்றது 500, 600. வைஃபை 6ன்னா 1200, புது ரூட்டரோட 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல ஓடினா 2400. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மாட்டியிருந்தா பெரும்பாலும் 144தான், வைஃபை 6ன்னா 287 பக்கம், அதுலயும் பக்கத்து வீடுகளோட பங்கு. ஆக 1 ஜிபிபிஎஸ் பிளானே நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு தாராளம்.

ஸ்பீட் டெஸ்ட் பண்றதா இருந்தா லேன் கேபிளை லேப்டாப்ல நேரா மாட்டி ஒரு தடவை, வைஃபைல ரூட்டர் பக்கத்துல ஒரு தடவை, ரூம்ல ஒரு தடவைன்னு மூணும் எடுங்க. கேபிள்ல 900க்கு மேல வருது ரூம்ல 40 வருதுன்னா கம்பெனி மேல குத்தம் இல்ல. கேபிள்லயே சரியா 94, 95ல நிக்குதுன்னா லேன் கேபிள் பழசு அல்லது உள்ள ஒரு வயர் அறுந்திருக்கு, நூறு மெகாபிட்டுக்கு இறங்கிடுச்சு, கேபிளை மாத்துங்க.

லேப்டாப்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கும்போது மட்டும் 2.4 வைஃபை தடுமாறுதா, அது உங்க பிரமை இல்ல, யுஎஸ்பி 3 கேபிள் அதே அலைவரிசையில இரைச்சல் போடும். மைக்ரோவேவ் ஓடும்போதும் அப்படித்தான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினா ரெண்டும் ஒழியும்.

வெளிய போகும்போது

வயர்லெஸ்@எஸ்ஜின்னு அரசாங்கத்தோட பொது வைஃபை 2006ல இருந்து இருக்கு, காசு கிடையாது. நூலகம், சமூக மன்றம், எம்ஆர்டி ஸ்டேஷன், நிறைய உணவங்காடியில கிடைக்கும். லேப்டாப்ல அந்தப் பேரைத் தட்டினா ஒரு லாகின் பக்கம் வரும், போன் நம்பர் கொடுத்தா எஸ்எம்எஸ்ல ஓடிபி வரும், அதைப் போட்டா சரி. லாகின் பக்கம் வரவே மாட்டேங்குதுன்னா விபிஎன்னை அணைங்க, வீட்டுல டிஎன்எஸ்ஸை மாத்தி வச்சிருந்தா அதையும் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்புங்க, பெரும்பாலும் இது ரெண்டும்தான் தடுக்கும். பேர் கடைசியில எக்ஸ் சேர்ந்து வர்ற இன்னொண்ணு இருக்கு, அதுல டேட்டா காத்துல போகும்போதே பூட்டிப் போகும், ஒரு தடவை ஆப் மூலமா செட் பண்ணிட்டா ஒவ்வொரு தடவையும் லாகின் வேண்டாம், லேப்டாப் அடிக்கடி வெளிய எடுத்துட்டுப் போறவங்க அதையே போட்டுக்கோங்க.

லாகின் பக்கம் போன் நம்பரையும் ஓடிபியையும் கேட்கும், அவ்வளவுதான். சிங்பாஸ் (அரசாங்க சேவைகளுக்கான லாகின்) பாஸ்வேர்டு, பேங்க் கார்டு நம்பர் கேட்குற பக்கம் எதுவா இருந்தாலும் உடனே மூடிட்டு வெளிய வந்துடுங்க, அதே பேர்ல யார் வேணும்னாலும் ஒரு வைஃபை போட முடியும். சந்தேகமா இருந்தா மோசடி பத்திக் கேட்கிறதுக்கு ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. ஊருக்குப் பணம் அனுப்புறதை எல்லாம் பொது வைஃபைல செய்யாம சிம் டேட்டால செய்யுங்க, சம்பளப் பணம் அது. ஐபோன் ஹாட்ஸ்பாட் பழைய லேப்டாப்ல தெரியலைன்னா போன்ல மேக்சிமைஸ் காம்பாட்டிபிலிட்டின்னு இருக்கிறதை ஆன் பண்ணுங்க, 2.4க்கு இறங்கி வந்துடும்.

வயசான அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்க உங்களுக்கு நேரமில்லைன்னா அரசாங்கத்தோட எஸ்ஜி டிஜிட்டல் ஆளுங்க நூலகத்துலயும் சமூக மன்றத்துலயும் உக்காந்து ஒருத்தர் ஒருத்தரா உதவி பண்றாங்க, இலவசம்தான், கூட்டிட்டுப் போங்க. வருமானம் குறைவா இருக்கிற சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு லேப்டாப்பும் நெட்டும் மானிய விலையில கிடைக்க டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம் திட்டம் இருக்கு, தகுதி இருந்தும் கேட்காம விட்டவங்க நிறையப் பேர்.

கம்பெனிக்குப் போன் பண்றதா இருந்தா

வெறுமனே நெட் வரலைன்னு சொன்னா ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் போயிடும். ஓஎன்டி முன்னாடி நின்னுக்கிட்டே போன் பண்ணுங்க. எந்த லைட் எந்த நிறத்துல எப்படி எரியுது, எப்போ இருந்து, லேன் கேபிள்ல நேரா மாட்டியும் வரலையா, ரெண்டு பொட்டியும் வரிசைப்படி ஆஃப் ஆன் பண்ணியாச்சு, இந்த நாலையும் மூச்சு விடாம சொல்லிடுங்க. லாஸ் சிவப்புன்னா அதை முதல் வரியிலயே சொல்லுங்க, அது வீட்டுக்கு ஆள் வந்து பார்க்க வேண்டிய வேலைன்னு அவங்களுக்கே தெரியும். கேபிள் டெஸ்ட் ரிசல்ட்டை நேரத்தோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தா வைஃபைதான் காரணம்னு தள்ளிவிட முடியாது. கேஸ் நம்பர் வாங்காம போனை வைக்காதீங்க, மறுநாள் வேற ஆள் எடுப்பாரு, அந்த நம்பர் இல்லைன்னா மறுபடி முதல்ல இருந்து சொல்லணும்.